எந்தக் கோயில் என்று கேட்கத்தான் ஐநூறு ரூபாயா?

அப்பச்சி, அதாவது என் அப்பா, இறந்து மூன்று மாதமாகிறது. அன்றிலிருந்து தூக்கமில்லை. ராத்திரி ரெண்டு மணிக்கு நெஞ்சு படபடவென்று அடிக்கும், உள்ளங்கை வேர்க்கும், இதோ போய்விடுவோம் என்றே இருக்கும். ஈசிஜி எடுத்துப் பார்த்தாயிற்று, இதயத்தில் ஒன்றுமில்லை. சரி, மனசுதான் என்று புரிந்தது. முறையாகப் படித்த ஒருவரிடம் உட்கார்ந்து பேசலாம் என்று நினைத்தேன். காரைக்குடியில் இருந்துகொண்டு அப்படி நினைத்ததுதான் நான் செய்த குற்றம்.

'கவுன்சலிங்' என்று போர்டு இல்லாமல் இல்லை. உள்ளே போனால் ஒருவர் இன்ஜினியரிங் சீட்டுக்குக் கவுன்சலிங் தருகிறார், இன்னொருவர் கனடாவுக்கு அனுப்புகிறார். மூன்றாவது இடத்தில்தான் 'மனநல ஆலோசகர்' என்று இருந்தது. ஐநூறு ரூபாயை முதலிலேயே வாங்கி மேசை டிராயரில் போட்டுக்கொண்டார். நான் வாயைத் திறப்பதற்குள், "தம்பி எந்த ஊரு? எந்தக் கோயில்?"

எங்கள் நகரத்தாரில் கோயிலை வைத்துத்தான் பங்காளி யார், யாரோடு சம்பந்தம் பண்ணலாம் என்று பார்ப்பார்கள். இளையாத்தங்குடி என்றேன். "அதுல எந்தப் பிரிவு?"

ஐயா, எனக்குத் தூக்கம் வரவில்லை! பெண் பார்க்கவா வந்திருக்கிறேன்? பிரிவைச் சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது. "அட, உங்க அப்பச்சியை எனக்கு நல்லாத் தெரியுமே" என்று அரை மணி நேரம் அப்பச்சியின் பர்மா பங்காளிகள் கதையை எனக்கே சொன்னார். கடைசியில் தீர்ப்பு: காலையில் ஐந்து மணிக்கு எழுந்திரு, பிள்ளையார்பட்டிக்குப் போய்வா, சீக்கிரம் கல்யாணம் பண்ணு. இதை எங்கள் தெரு முக்கு டீக்கடையில் பத்து ரூபாய் டீயோடு சேர்த்துச் சொல்வார்கள். பிள்ளையாரிடம் எனக்கு ஒரு பிணக்கும் இல்லை. அவர் ஐநூறு ரூபாய் கேட்டதுமில்லை.

சாயங்காலம் தேவகோட்டையிலிருந்து அப்பத்தா போன். "ஏம்ப்பா, மூளைக்கு வைத்தியம் பாக்குறியாமே?" எண்ணிப் பார்த்தேன், நாலு மணி நேரம். ஒருவருடைய மனநலச் சிகிச்சை பற்றிய விவரத்தை வெளியே சொல்லக்கூடாது என்று 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு சொல்கிறது. சட்டம் தேவகோட்டை வரைக்கும் பஸ் ஏறவில்லை போல.

அதற்கப்புறம்தான் தேடித் தேடிப் படித்தேன். மாத்திரை எழுதித் தருகிறவர் மனநல மருத்துவர், எம்பிபிஎஸ் முடித்து அதற்கு மேல் படித்தவர். மாத்திரை இல்லாமல் பேசியே சிகிச்சை தருகிற கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போட்டுக்கொள்கிறவருக்கு இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண் இருக்க வேண்டும், 1992 சட்டப்படி. கேட்க நமக்கு உரிமை உண்டு. அடுத்து ஒரு இடத்தில் போனிலேயே கேட்டேன். "என்ன தம்பி, நம்பிக்கை இல்லையா?" என்று வைத்துவிட்டார். நகை வாங்கினால் ஹால்மார்க் பார்க்கிறோம். மனசைத் திறந்து கொட்டப்போகிற இடத்தில் எண்ணைக் கேட்டால் கோபம் வருகிறது!

ஒரு ராத்திரி அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனஸ் 14416க்கு அடித்தேன். காசில்லை, தமிழிலேயே பொறுமையாகப் பேசினார்கள். அந்த ராத்திரி கழிந்தது. ஆனால் வாராவாரம் ஒரே ஆளிடம் உட்கார்ந்து பேசுவது வேறு. அதற்கு ஆன்லைன் என்றார்கள். எங்கே வைத்துப் பேசுவது? எங்கள் வீடு மூன்று கட்டு வீடு, எண்ணினால் இருபது அறைக்கு மேல் தேறும். பாதிக்குப் பூட்டு, சாவி சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறது. மீதி எல்லாம் வளவை, அதாவது நடு முற்றத்தை, பார்த்துத் திறக்கிறது. ஆத்தங்குடிக் கல் தரை, ஓங்கிய சுவர். முகப்பில் இருமினால் அடுப்படியில் கேட்கும். இதில் நான் அழுதுகொண்டே அப்பச்சியைப் பற்றிப் பேச வேண்டுமாம். அதுவும் முதலில் கிடைத்தவருக்கு ஆங்கிலம்தான் வரும். 'நெஞ்சுக்குள்ள என்னமோ அடைக்குது' என்பதை நான் எந்த ஆங்கிலத்தில் சொல்வேன்?

கடைசியில் மதுரையில் ஒரு கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். பஸ்ஸில் போக ரெண்டு மணி, வர ரெண்டு மணி, உள்ளே ஐம்பது நிமிடம். பதிவு எண் கேட்டேன், சிரித்துக்கொண்டே சான்றிதழைக் காட்டினார் அந்த அம்மா. கோயில் கேட்கவில்லை. ஆனால் அங்கேயும் எனக்குக் கோபம்தான். காசு கொடுத்தோமே, ஒரு வழி சொல்வார் என்று பார்த்தால், "அந்த நேரத்துல மனசுல என்ன ஓடுச்சு?" என்று என்னையே கேட்கிறார். எழுதிவரச் சொல்லி வீட்டுப்பாடம் வேறு. சிகிச்சை என்றால் அறிவுரை இல்லை, நாலு தடவையில் முடிகிற சமாச்சாரமும் இல்லை, சில நாள் வரும்போதைவிட மோசமாகத் திரும்புவோம் என்று ஒருத்தராவது முன்னாடியே சொன்னீர்களா? மூன்றாவது தடவை திரும்பும்போது மேலூர் தாண்டியதும் அழுகை வந்துவிட்டது. பக்கத்து சீட்டுக்காரர் மிக்சர் பொட்டலத்தை நீட்டினார். வாங்கிக்கொண்டேன். எனக்கு ஒத்துவரவில்லை என்றால் வேறு ஆளைப் பார்க்கலாம், தான் தப்பாக நினைக்க மாட்டேன் என்பதையும் அந்த அம்மாதான் சொன்னார். பிடித்துப்போய் அங்கேயே போகிறேன். இப்போது வாரத்தில் நாலு ராத்திரியாவது தூங்குகிறேன்.

வியாழக்கிழமை ஆறாவது தடவை. வீட்டில் டாக்ஸ் ஆடிட்டரைப் பார்க்கப் போவதாகச் சொல்லி வைத்திருக்கிறேன். வரும்போது புதுமண்டபம் பக்கம் போய் ரவிக்கைத் துணி வாங்கி வரச் சொல்லியிருக்கிறார் அப்பத்தா. ஆடிட்டர் ஏன் வாராவாரம் கூப்பிடுகிறார், என்ன தில்லுமுல்லு பண்ணினாய் என்று பெரியப்பா இன்னொரு பக்கம் குடைகிறார்.