கார்டை நீட்டினால் சர்வர் வரும், கணக்கை யார் போடுவது?

சனிக்கிழமை மண்டபத்தில், மேற்படிப்பு பற்றிய கூட்டத்தில் ஒரு பேச்சாளர் பேசியதை நான் திரும்பச் சொல்லத் தேவையில்லை. அந்த இரண்டு நிமிடக் காணொளி பினாங்கில் இருக்கும் புலனக் (வாட்ஸ்அப்) குழுக்கள் எல்லாவற்றிலும் சுற்றி முடித்துவிட்டது. எனக்கே பதினோரு பேர் அனுப்பியிருக்கிறார்கள். அவர்களில் நான்கு பேர் சிரிக்கும் முகத்தையும் சேர்த்து அனுப்பினார்கள். நான் அங்கே ஐந்தாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன் என்பது அவர்களுக்குத் தெரியாது. பக்கத்தில் என் மகளும் இருந்தாள்.

எஸ்பிஎம் என்ற பள்ளி இறுதித் தேர்வை முடித்துவிட்டு அடுத்து என்ன படிக்கலாம் என்று கேட்க வந்த பிள்ளைகளிடம் அந்தப் பேச்சாளர் சொன்னார்: "சர்வரைக் கட்டி மேய்க்கிற வேலைக்கு இனி ஆள் வேண்டாம். கார்டை நீட்டினால் ஐந்து நிமிடத்தில் சர்வர் வந்துவிடும். குளிர் அறையில் உட்கார்ந்திருப்பவர்கள் இன்னும் ஐந்து வருடத்தில் வீட்டுக்குப் போகவேண்டியவர்கள்." மண்டபம் சிரித்தது. மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சர்வர்கள், அதாவது ஒரு நிறுவனத்தின் வேலைகளை ஓட்டும் பெரிய கணினிகள், இருக்கும் அந்தக் குளிர் அறையில் 17 வருடங்களாக வேலை செய்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐந்து நிமிடத்தில் சர்வர் வரும் என்பது உண்மைதான். எங்கள் நிறுவனத்தின் சொந்த கிளவுடில், அதாவது எங்கள் சர்வர்களையே கேட்பவர்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் அமைப்பில், ஐந்து நிமிடம்கூட ஆகாது. ஆனால் வந்த சர்வர் எதன் மேல் நிற்கிறது? அது விழுந்தால் எங்கே போய் எழுந்திருக்கும்? அங்கே இடம் இருக்கிறதா? இந்தக் கணக்கைக் கார்டு போடாது. ஓர் ஆள் உட்கார்ந்து போடவேண்டும்.

எளிய உதாரணம் ஒன்று. நான்கு சர்வர்கள், ஒவ்வொன்றிலும் 512 ஜிபி நினைவகம், மொத்தம் 2,048. இவற்றின் மேல் நூற்றுச் சொச்சம் மெய்நிகர் இயந்திரங்கள், அதாவது மென்பொருளால் உருவாக்கிய தனித்தனிக் கணினிகள், ஓடுகின்றன. ஒன்றில் சம்பளப் பட்டியல், ஒன்றில் கிடங்குக் கணக்கு, ஒன்றில் மின்னஞ்சல். ஒரு சர்வர் செத்துப்போனால் அதில் இருந்தவை மற்ற மூன்றிலும் தாமாகவே எழுந்துகொள்ளும். எழுந்துகொள்ள இடம் வேண்டுமே! அதனால் நான்கிலும் சேர்த்து 1,536 ஜிபிக்கு மேல் நிரப்பக்கூடாது. ஒவ்வொரு சர்வரிலும் 128 ஜிபி சும்மா கிடக்கவேண்டும். அந்தச் சும்மா கிடக்கும் இடத்தைக் காப்பாற்றுவதிலேயே என் வேலையில் பாதி போய்விடுகிறது. ஒவ்வோர் ஆண்டும் பட்ஜெட் கூட்டத்தில் யாராவது ஒருவர் கேட்பார்: "கால்வாசி காலியாகத்தானே இருக்கிறது, புதிது எதற்கு?" சரி, ஒவ்வொரு சர்வரையும் 480 வரை நிரப்பிவிடுவோம். ஒவ்வொன்றிலும் மிச்சம் 32. ஒன்று விழுந்த அன்று 480 ஜிபி சுமை மூன்று சர்வர்களின் 96 ஜிபி இடத்தில் ஏறவேண்டும். எப்படி ஏறும்? மிச்ச இடம் போதாதபோது புதிய இயந்திரத்தை ஏற்ற மறுக்கும் பாதுகாப்பு ஒன்று மென்பொருளிலேயே உண்டு. அது தொந்தரவாக இருக்கிறது என்று அதை அணைத்துவிட்டு நிரப்பிய இடங்களையும் இந்தக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

"பொது கிளவுடுக்குப் போய்விட்டால் இந்தத் தலைவலியே இல்லையே" என்று ஒருவர் கேட்டிருந்தார். பொது கிளவுட் என்றால் பெரிய நிறுவனங்களின் சர்வர்களை வாடகைக்கு எடுப்பது. நியாயமான கேள்வி. அமேசான் 2024 ஆகஸ்டில் மலேசியாவிலேயே தன் கிளவுட் வட்டாரத்தைத் திறந்தது. அதில் ஒன்று விழுந்தாலும் மற்றவை நிற்கும்படி தனித்தனியாக அமைத்த மூன்று மண்டலங்கள் இருக்கின்றன. 2025 மே மாதம் மைக்ரோசாப்டும் வந்துவிட்டது. எங்கள் வேலையிலும் கிட்டத்தட்ட பாதி இப்போது அந்தப் பக்கம்தான் ஓடுகிறது. நான் பழமைவாதி இல்லை, அங்கே கொண்டுபோய் வைத்ததே நான்தான். ஆனால் மூன்று மண்டலங்கள் இருப்பதால் உங்கள் இயந்திரம் மூன்றிலும் இருப்பதாக ஆகிவிடாது. ஒன்றில் வைத்தால் ஒன்றில்தான் இருக்கும். பரப்பி வைக்கவேண்டும் என்று முடிவு செய்வதும், அதற்காகும் செலவை நிர்வாகத்திடம் எடுத்துச் சொல்வதும் ஓர் ஆளின் வேலை.

பாதி இங்கே பாதி அங்கே என்று வைத்தால் கணக்கு இன்னும் கூடும். சென்ற ஆண்டு ஒரு பிற்பகல் பினாங்கிற்கும் கிளவுடுக்கும் இடையிலான இணைப்பு அறுந்தது. கிளவுட் பக்கத்து இயந்திரங்களுக்கு ஒன்றுமே ஆகவில்லை, எல்லாம் பச்சை விளக்கோடு ஓடின. ஆனால் அவற்றுக்குள் ஒருவராலும் நுழைய முடியவில்லை. பயனரின் பெயரையும் கடவுச்சொல்லையும் சரிபார்க்கும் சர்வர் பினாங்கில் மட்டும் இருந்தது. அந்தக் கட்டமைப்பை வரைந்தது நான்தான், விட்டது என் கைதான். அந்த வாரமே அந்தப் பக்கமும் ஒன்றை நிறுவினோம். முகவரிகளைப் பெயரால் தேடித்தரும் சேவையையும் இரண்டு பக்கமும் வைத்தோம். இரண்டு வீடு வைத்திருப்பவர் இரண்டு வீட்டிலும் சாவி வைக்கவேண்டும். கார்டை நீட்டியபோது இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

பெரிய நிறுவனங்கள் எல்லாம் பார்த்துக்கொள்ளும் என்று நம்புகிறவர்கள் 2024 மே மாதம் ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் ஓய்வூதிய நிதிக்கு நடந்ததைப் படியுங்கள். கூகுள் கிளவுடில் அவர்கள் வைத்திருந்த ஒரு தனி கிளவுட் மொத்தமாக அழிந்தது. அதை அமைத்தபோது கூகுள் தரப்பில் ஒரே ஒரு இடத்தை நிரப்பாமல் விட்டிருந்தார்கள். காலியாக விட்டதால் அது ஓராண்டுத் தவணை என்று ஆகிவிட்டது. ஆண்டு முடிந்ததும் தானாகவே அழிந்தது. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் நாட்கணக்கில் தங்கள் கணக்கைப் பார்க்க முடியாமல் தவித்தார்கள். திரும்ப எழுந்தபோது கைகொடுத்தவற்றில் ஒன்று, வேறொரு நிறுவனத்திடமும் அவர்கள் வைத்திருந்த பேக்கப் (காப்பு நகல்). அதை வேறிடத்தில் வைக்கவேண்டும் என்று யாரோ ஒருவர் ஒரு கூட்டத்தில் எழுந்து சொல்லியிருப்பார். இரண்டு மடங்கு செலவு எதற்கு என்று அவரையும் கேட்டிருப்பார்கள். முகம் தெரியாத அந்த ஆளை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

அப்படி ஓர் ஆளின் சொல் எடுபடாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தென்கொரியா இருக்கிறது. 2025 செப்டம்பரில் டேஜோன் நகரில் அரசாங்க டேட்டா சென்டர் தீப்பிடித்தது. அரசு ஊழியர்களின் கோப்புகளைச் சேமித்து வைத்திருந்த ஜி-டிரைவ் 858 டெராபைட்டோடு போயிற்று. அளவு மிகப் பெரியது என்பதால் வெளியே பேக்கப் வைக்கவில்லையாம்.

நம் நாட்டு வங்கிகளுக்கு மத்திய வங்கியான பேங்க் நெகாராவே எண் போட்டுக் கொடுத்திருக்கிறது. வாடிக்கையாளரைத் தொடும் முக்கியச் சேவைகள் எதிர்பாராமல் முடங்கும் நேரம் 12 மாதங்களில் மொத்தம் 4 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது, ஒரு தடவைக்கு 120 நிமிடங்களைத் தாண்டக்கூடாது. அந்த 120 நிமிடத்துக்குள் எழுப்பி நிறுத்துகிறவர்களைத்தான் வீட்டுக்குப் போகச் சொன்னார் அந்தப் பேச்சாளர்.

என் சொந்தக் கதை ஒன்றும் சொல்கிறேன். 2019 தைப்பூசம். அப்போது வேறொரு நிறுவனத்தில் இருந்தேன், பெயர் வேண்டாம். தண்ணீர்மலைச் சாலையில் எங்கள் குடும்பம் சேர்ந்திருந்த தண்ணீர்ப் பந்தலில் மோர் ஊற்றிக்கொண்டிருந்தேன். இரவு 9.40 இருக்கும். உடன் வேலை செய்த தம்பி அழைத்தான். "அக்கா, எல்லாம் அப்படியே நின்றுவிட்டன" என்றான். குரல் நடுங்கியது. சாலை முழுதும் கூட்டம், கார் எடுக்க வழியில்லை. கணவர் பின்சந்து வழியாக மோட்டார் சைக்கிளில் பாயான் லெப்பாஸில் இருந்த வேலையிடத்துக்குக் கொண்டுபோய் விட்டார். கை முழுதும் மோர்வாடை.

திரையில் 23 இயந்திரங்கள் ஒரே கேள்வியோடு நின்றுகொண்டிருந்தன: வட்டில் இடம் இல்லை, மீண்டும் முயலவா, நிறுத்திவிடவா? எட்டு மாதங்களுக்கு முன் ஒரு மென்பொருளைப் புதுப்பிக்க வந்தவர்கள், ஏதாவது கெட்டால் பழைய நிலைக்குத் திரும்பலாம் என்று ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து வைத்தார்கள். வேலை முடிந்தது, போய்விட்டார்கள். ஸ்னாப்ஷாட்டை நீக்கவில்லை. ஸ்னாப்ஷாட் எடுத்தபின் எழுதப்படும் ஒவ்வொன்றும் தனிக் கோப்பில் சேர்ந்துகொண்டே போகும். மூன்று நாளுக்கு மேல் வைத்திருக்காதே என்று தயாரிப்பாளரே சொல்வது அதனால்தான். பலர் அதை பேக்கப் என்று நினைக்கிறார்கள். மூல வட்டு போனால் ஸ்னாப்ஷாட்டும் கூடவே போகும். எட்டு மாதத்தில் அந்தக் கோப்பு வீங்கி, மொத்த இடத்தையும் விழுங்கிவிட்டது.

அழித்தால் தீரும் என்று தோன்றும். ஆனால் மூச்சுவிட முதலில் கொஞ்சம் இடம் வேண்டும். கடைசி ஒரு மெகாபைட் வரை நிரம்பிவிட்டது. அப்போதுதான் நினைவுக்கு வந்தது: ஓடுகிற ஒவ்வோர் இயந்திரமும் தன் நினைவக அளவுக்கு வட்டில் ஒரு மாற்றுக் கோப்பைப் பிடித்து வைத்திருக்கும். அணைத்தால் விட்டுவிடும். சோதனைக்கு வைத்திருந்த இரண்டு இயந்திரங்கள், ஒவ்வொன்றும் 64 ஜிபி. இரண்டையும் அணைத்தேன். 128 ஜிபி கிடைத்தது. பிறகு 23 இயந்திரங்களுக்கும் ஒவ்வொன்றாக "மீண்டும் முயல்" அழுத்தினேன். முதலில் தரவுத்தளம், பிறகு அதை நம்பியிருப்பவை. வரிசை தப்பினால் இன்னொரு குழப்பம். அந்த ஸ்னாப்ஷாட்டை மூல வட்டோடு சேர்க்க ஆரம்பித்தபோது மணி பன்னிரண்டு. காலை ஐந்தரைக்கு 99 விழுக்காட்டில் நின்றது. ஒரு மணி நேரம் நகரவே இல்லை. அந்த நேரத்தில் அவசரப்பட்டு நிறுத்தக்கூடாது. தம்பி நாற்காலியிலேயே தூங்கிவிட்டான். நான் கைகளை அக்குளில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்தேன். 6.40-க்கு முடிந்தது. ஏழு மணி ஷிப்ட் ஆட்கள் வந்தார்கள், தங்கள் திரைகளைத் திறந்தார்கள், வேலையை ஆரம்பித்தார்கள்.

"நீங்கள் உங்கள் வேலை போய்விடும் என்ற பயத்தில் பேசுகிறீர்கள்" என்று நேற்று ஒருவர் எழுதினார். இல்லை, ஐயா. என்னை இந்த மாதமே இரண்டு இடங்களில் கூப்பிட்டார்கள். வேலை போகும் என்று நான் பயப்படவில்லை, இந்த வேலைக்கு வரவேண்டிய பிள்ளைகள் வராமல் போய்விடுவார்களே என்று பயப்படுகிறேன். செயற்கை நுண்ணறிவு எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்பவர்களுக்கு ஒரே பதில்: அதுவும் ஏதோ ஒரு சர்வரின் மேல்தான் ஓடுகிறது.

லைசென்ஸ் விலையைச் சொல்லி, சொந்த கிளவுட் இனி கட்டுப்படியாகாது என்றவர்களுக்கு மட்டும் பொறுமையாகப் பதில் சொல்லவேண்டும், ஏனென்றால் அதில் உண்மை இருக்கிறது. மெய்நிகர் இயந்திரங்களை ஓட்டும் மென்பொருள் விற்கும் விஎம்வேரை, பிராட்காம் என்ற சிப் நிறுவனம் வாங்கி முடித்தது 2023 நவம்பரில். அடுத்த மாதமே நிரந்தர லைசென்ஸ் விற்பனையை நிறுத்திவிட்டார்கள். இனி சந்தா மட்டுமே. சர்வரின் மூளையான சிப்பில் எத்தனை கோர், அதாவது கணக்குப் போடும் பகுதி, என்று எண்ணிக் கட்டவேண்டும். குறைவாக இருந்தாலும் சிப்புக்கு 16 என்று கணக்கு. அந்த முடிவுகளை எடுத்த தலைமை நிர்வாகி ஹாக் டான் நம் பினாங்கில் பிறந்தவர். ஆனால் இதுவும் என் பக்கத்து வாதம்தான். விலை மாறினால் வேறு வழி தெரிந்த ஆள் வேண்டும். அதே வேலையைச் செய்யும் கேவிஎம் என்ற இலவச மென்பொருள், லினக்ஸ் இயங்குதளத்தின் கருவுக்குள் வந்தது 2007-இல். அதன் மேல் எழுந்த ப்ராக்ஸ்மாக்ஸ் என்ற நிர்வாக மென்பொருள் 2008 முதல் இருக்கிறது. சொந்த கிளவுட் கட்ட உதவும் ஓப்பன்ஸ்டாக் 2010 முதல். எங்கள் சோதனைச் சூழல் முழுவதையும் கேவிஎம்முக்கு மாற்ற மூன்று மாதங்கள் ஆயின. எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது, சேமிப்பு வட்டுகளை எத்தனை பிரதியாக வைப்பது, எல்லாம் மறுபடியும் அதே கணக்குதான். எந்தப் பெயர்ப்பலகை மாட்டினாலும் கணக்குப் போட ஓர் ஆள் வேண்டும்.

என் அம்மா பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் 22 ஆண்டுகள் நுண்ணோக்கிக்கு முன்னால் உட்கார்ந்து, முடியைவிட மெல்லிய கம்பிகளைச் சிப்பில் பொருத்தியவர். விடியற்காலை நாலரைக்கு ஃபேக்டரி பஸ் வரும். பசியாற நேரமிருக்காது, மிச்சமிருக்கும் தோசையைத் தாளில் சுற்றிக்கொண்டு ஓடுவார். அவர் என்ன வேலை செய்தார் என்று எங்கள் சொந்தத்தில் ஒருவருக்கும் தெரியாது. "ஃபேக்டரிக்குப் போகிறாள்" என்பார்கள், அவ்வளவுதான். இன்று என்னையும் "கம்ப்யூட்டர் பார்க்கிறாள்" என்கிறார்கள். கல்யாண வீடுகளில் டாக்டர் பிள்ளையை முன்வரிசைக்கு அழைக்கிறார்கள், வழக்கறிஞர் பிள்ளையை அழைக்கிறார்கள். எனக்கு நாற்காலி வேண்டாம். ஆனால் அந்த மருத்துவமனையில் உங்கள் இரத்தப் பரிசோதனை முடிவு டாக்டரின் திரைக்கு வருவதற்குள் எத்தனை இயந்திரங்களைத் தாண்டி வருகிறது என்று ஒரு நாள் நினைத்துப் பார்த்தீர்களா? அவற்றைத் தாங்கிப்பிடிக்கும் ஆட்களை மேடையேறிச் சிரிப்புக்கு ஆளாக்கும்போது, அந்த மண்டபத்தில் அவர்களின் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கக்கூடும் என்று உங்களுக்குத் தோன்றவே இல்லையா?

வீட்டுக்கு வரும் வழியில் மகள் கேட்டாள்: "அம்மா, அவர் சொன்னது நிஜமா?" பாலத்தைத் தாண்டும் வரை எனக்குப் பதில் வரவில்லை.

பேச்சாளருக்கும் ஏற்பாட்டாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வெள்ளிக்கிழமை இரவு 11 மணிக்கு எங்கள் மூன்றாவது சர்வரை வேண்டுமென்றே அணைக்கப்போகிறோம். அதன் மேல் இருக்கும் 31 இயந்திரங்கள் மற்ற மூன்றில் எழுகின்றனவா என்று பார்க்கும் வழக்கமான சோதனை. நிர்வாகத்திடம் அனுமதி கேட்டுவிட்டேன், ஆறு பேர் வரை வரலாம். பேச்சாளர் வரட்டும். அன்று மண்டபத்தில் இருந்த பிள்ளைகளில் யாராவது இருவரையும் அழைத்து வாருங்கள். என் மகள் வருகிறாள். அறைக்குள் 20 டிகிரிதான், கனமான சட்டை போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.