மிஷின்ல ஆரம்பிச்சா என்ன குறைஞ்சு போச்சு?

குன்னூர்ல ஜிம்னு வாயைத் திறந்தா ரெண்டு பக்கத்துலயிருந்தும் அடி. வீட்டுப் பெரியவங்க, "பஸ் ஸ்டாண்டுலயிருந்து பெட்ஃபோர்டுக்கு தினம் ஏறி இறங்குற, இதுக்கு மேல என்ன எக்சர்சைஸ்?"ம்பாங்க. ஜிம்முக்குள்ள போனா தம்பிங்க, "மிஷின் எல்லாம் வேஸ்ட்டுக்கா, பார்பெல் எடுங்க"ம்பாங்க. (பார்பெல்னா ரெண்டு முனையிலயும் எடைத் தட்டு மாட்டின நீளக் கம்பி.) ரெண்டு பேர்கிட்டயும் எனக்குச் சண்டை இருக்கு.

பெரியவங்களுக்குச் சுருக்கமாச் சொல்லிடறேன். ஏத்தம் மூச்சுக்கும் காலுக்கும் நல்லது. தோளுக்கும் முதுகுக்கும் அது என்ன பண்ணும்? உலக சுகாதார நிறுவனம் 2020ல வெளியிட்ட வழிகாட்டுதல்லயே ரெண்டும் தனித்தனி: வாரம் குறைஞ்சது 150 நிமிஷம் நடை மாதிரி பயிற்சி, அதுபோக வாரத்துல ரெண்டு நாளாவது பெரிய தசைகள் எல்லாத்துக்கும் பலப்பயிற்சி. ஒண்ணைச் செஞ்சா இன்னொண்ணு கணக்குல கழியாது.

தம்பிங்களுக்குத்தான் நிறையச் சொல்லணும். நாப்பது வயசுக்கு மேல முதல் தடவையா ஜிம் படி ஏறுற ஒரு அம்மா கையில பார்பெல்லைக் கொடுத்தா, அவங்க கவனம் பூரா கீழ போட்டுடக் கூடாதுங்கறதுலதான் இருக்கும். மிஷின்ல எடை போற பாதை ஏற்கெனவே போட்டாச்சு. பயமில்லாம, இதுக்கு மேல முடியாதுங்கற இடத்துக்குப் பக்கத்துல வரைக்கும் தள்ளிப் பார்க்கலாம். தசைக்கு வேண்டியது அதுதான். ரெண்டு முறையையும் ஒப்பிட்ட ஆய்வுகள்ல தசை வளர்ச்சியில பெரிய வித்தியாசம் தெரியல. பார்பெல்ல பழகினவங்க பார்பெல்ல நல்லாத் தூக்கறாங்க, மிஷின்ல பழகினவங்க மிஷின்ல. அவ்வளவுதான்.

ஆனா மிஷின்லயும் கத்துக்க வேண்டியது உண்டு. சீட்டைச் சரி பண்ணாம சும்மா உக்காந்து தள்ளினா முட்டி வலிக்கலாம். லெக் எக்ஸ்டென்ஷன்ல (உக்காந்து காலை முன்னாடி நீட்டற மிஷின்) பக்கவாட்டுல ஒரு அச்சு சுத்தும் பாருங்க, அதுக்கு நேரா உங்க முட்டி இருக்கற மாதிரி சீட்டை நகர்த்தணும். செஸ்ட் பிரஸ்ல (நெஞ்சுக்கு முன்னாடி கையால தள்ளற மிஷின்) கைப்பிடி நடு நெஞ்சு உயரத்துக்கு வரணும், தோளுக்கு மேல போகக் கூடாது. லாட் புல்டவுன்ல (மேல தொங்கற கம்பியைக் கீழ இழுக்கற மிஷின்) கம்பியைக் கழுத்துக்குப் பின்னாடி இழுக்காதீங்க, நெஞ்சு மேல்பக்கத்துக்கு இழுங்க. நம்ம ஊர்ப் பொம்பளைங்க உயரத்துக்குப் பாதி மிஷின்ல கால் தரைக்கு எட்டாது. காலுக்கு ஒரு ஸ்டெப் பலகை, முதுகுக்கு ஒரு திண்டு கேட்டு வாங்கிக்கோங்க. கேக்கறதுல வெக்கமே வேண்டாம்.

லெக் பிரஸ் (காலால பலகையைத் தள்ளறது), லெக் கர்ல் (முட்டியை மடக்கி எடையை இழுக்கறது), செஸ்ட் பிரஸ், சீட்டட் ரோ (உக்காந்து கைப்பிடியை உடம்புப் பக்கம் இழுக்கறது), லாட் புல்டவுன். ஆரம்பிக்கறவங்களுக்கு இந்த அஞ்சே தாராளம். ஒவ்வொண்ணுலயும் எட்டுலயிருந்து பன்னெண்டு தடவை, ரெண்டு செட் (நிறுத்தாம செய்யற ஒரு சுத்துதான் ஒரு செட்). கடைசி ரெண்டு கஷ்டப்பட்டு வரணும். ரெண்டு செட்லயும் பன்னெண்டு சுலபமா வந்துட்டா எத்தனை எடைத் தட்டு தூக்கணும்னு குறிக்கச் சொருகற பின் இருக்கே, அதை ஒரு தட்டு கீழ சொருகுங்க. ஒரு மிஷின்ல 20னு போட்டிருக்கறதும் இன்னொண்ணுல 20னு போட்டிருக்கறதும் ஒரே கனம் இல்லை. கப்பி அமைப்பு மாறும். அதனால பக்கத்து ஆளோட எண்ணைப் பார்த்து ஏங்காதீங்க. தள்ளும்போது மூச்சை விடுங்க, அடக்காதீங்க. பிரஷர் இருக்கறவங்க டாக்டரைக் கேட்டுட்டு வாங்க.

மலைக்காரங்களுக்கு ஒண்ணு சொன்னா சட்டுனு புரியும். நீளமான இறக்கம் இறங்கின மறுநாள்தானே தொடை பிடிச்சுக்குது? தசை நீண்டுக்கிட்டே பாரம் தாங்கறப்ப வர்ற வலி அது. அந்த வேலையும் பலம் கொடுக்கும். அதனால எடையைத் தள்ளிட்டு டமார்னு விடாம, ரெண்டு மூணு எண்ணி மெதுவா இறக்குங்க. டிசம்பர்க் காலையில கைப்பிடி ஐஸா இருக்கும். முதல்ல சைக்கிள்ல அஞ்சு பத்து நிமிஷம், அப்புறம் பாதி எடையில ஒரு செட்.

மிஷின் தராதது ஒண்ணு உண்டு: பேலன்ஸ். அதுக்கு வீட்டுல சுவர் ஓரமா ஒத்தைக் கால்ல நின்னு பழகுங்க. பின்னாடி டம்பெல் எடுக்கணும்னு தோணினா எடுங்க, யாரு வேண்டாம்னா?

கடைசியா, ஜிம் நடத்தறவங்களே, எடைத் தட்டுப் பின் தொலைஞ்சு போனா தயவு செஞ்சு புதுசு வாங்கிப் போடுங்க. நான் போற இடத்துல லாட் புல்டவுன்ல ஸ்க்ரூ டிரைவரைச் சொருகி வச்சிருக்காங்க.