சிரிக்கிறவர்கள் வயலுக்கு வாருங்கள்

ஞாயிற்றுக்கிழமை காரைக்குடி கூட்டத்தில் நடந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும், வீடியோவும் சுற்றுகிறது. பயிரின் ஒளிச்சேர்க்கையைத் திருத்துகிற ஆராய்ச்சியைப் பற்றி படித்த பிள்ளை ஒன்று பேச, “அடுத்து சூரியனையும் திருத்துவீகளா ஆத்தா?” என்று மேடைப் பெரியவர் கேட்க, மண்டபமே கைதட்டியது.

சூரியனில் குறையில்லை ஐயா, இலையில்தான் குறை. நெல்லில் கரியமில வாயுவைப் பிடிக்க வேண்டிய ரூபிஸ்கோ என்கிற நொதி, ஆள் தெரியாமல் ஆக்சிஜனையும் பிடித்துவிடும். அந்தத் தப்பைச் சரிக்கட்டவே செடி சேர்த்ததில் ஒரு பங்கு போய்விடுகிறது, வெயில் ஏற ஏற இன்னும் கூடும். கம்பும் சோளமும் இதற்கு வேறு வழி வைத்திருக்கின்றன. அதை நெல்லுக்குக் கொண்டுவர 2008-லிருந்து ஒரு சர்வதேசக் குழு உழைக்கிறது, இன்னும் முடியவில்லை. 2019-ல் அமெரிக்காவின் இலினாய்ஸ் பல்கலைக்கழகக்காரர்கள் புகையிலையில் அந்தத் தப்பைச் சரிக்கட்டுகிற வேலைக்குக் குறுக்குவழி போட்டு, வயலிலேயே 40 சதவீதம் வரை கூடுதல் வளர்ச்சி பார்த்தார்கள். புகையிலை நெல் இல்லைதான். அதற்காகச் சிரிப்பதா?

எங்களுடையது கண்மாய்ப் பாசனம். போன வருஷம் மழை பிந்தி, விதைப்பும் பிந்தி, பூக்கிற நேரம் மாசிக் கடைசி வெயிலில் மாட்டிக்கொண்டது. மடையில் தண்ணீர் ஓடுகிறது, கதிர் மட்டும் தலைசாயாமல் நிற்கிறது. உருவி உள்ளங்கையில் தேய்த்து ஊதினால் பாதிக்கு மேல் பறந்துவிட்டது. அத்தனையும் சாவி, மணி பிடிக்காத பதர். பூக்கும்போது 35 டிகிரி தாண்டினால் நெல் மணி பிடிக்காது, அது வேறு, ஒளிச்சேர்க்கை வேறு என்று ஒருவர் கரெக்டாக வருவார். சரி, வேறுதான். வெயில் ஒன்றுதானே?

கண்மாயைத் தூர்வாரினால் போதும் என்பீர்கள். வாருங்கள், யார் தடுத்தது? தண்ணீர் இருந்தும் சாவியானதைத்தான் சொன்னேன். விதை கம்பெனிக்காரன் கைக்குப் போய்விடும் என்பது நியாயமான பயம், அதற்குத் தனியாகச் சண்டை போடலாம். பாரம்பரிய நெல் இருக்கிறதே என்பவர்களுக்கு: நானும் மாப்பிள்ளைச் சம்பா போட்டவன்தான், அதுவும் அதே ரூபிஸ்கோவை வைத்துத்தான் வளர்கிறது.

இந்தப் பாரம்பரியம் பேசுகிறவர்களும் பெரும்பாலும் சென்னையிலும் சிங்கப்பூரிலும்தான் இருக்கிறார்கள். கல்யாணத்துக்கும் முன்னோருக்குச் செய்கிற படைப்புக்கும் வந்து, வீட்டு வளவில் உட்கார்ந்து பலகாரம் சாப்பிட்டுக்கொண்டே எங்களுக்கு விவசாயம் சொல்லித் தருவார்கள், அவர்கள் நிலத்தில் கருவேல் மண்டிக் கிடக்கும். உங்கள் பிள்ளைகள் கம்ப்யூட்டர் படிக்கலாம், அமெரிக்கா போகலாம், எங்கள் நெல் மட்டும் பாட்டன் காலத்திலேயே நிற்க வேண்டுமா? படித்த பிள்ளை ஒன்று நம் ஊர்க்காரர்களிடம் வந்து நெல்லைப் பற்றிப் பேசினால், அதையும் கேலி செய்து அனுப்புவீர்களா?

ஜோக்குக்குச் சொன்னார் என்று யாரும் கமெண்டில் வராதீர்கள். ஆமாம், எனக்குக் கோபம்தான். கைதட்டியவர்களில் போன வருஷம் நெல் விதைத்தவர்கள் யார் யார்? பேரைப் போடுங்கள், வண்டி எடுத்துக்கொண்டு நானே வந்து பார்க்கிறேன்.