பாப்பி மலரின் இலை 11 மணியைக் காட்ட வேண்டியதில்லை

பிரிட்டனில் போரில் இறந்த வீரர்களின் நினைவாக நவம்பரில் சட்டையில் அணியும் காகிதப் பாப்பி மலரின் சிவப்பு ரத்தத்தையும் கறுப்பு துக்கத்தையும் குறிக்கிறது, பச்சை இலை கடிகாரத்தின் 11 மணியை, அதாவது முதல் உலகப் போர் ஓய்ந்த நேரத்தை, காட்டும்படி குத்தினால்தான் சரி என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். நல்லெண்ணத்தோடுதான் பகிர்ந்திருப்பார். ஆனால் அது சரியான தகவல் அல்ல.

அங்கே முன்னாள் படைவீரர்களுக்காகப் பாப்பி மூலம் நிதி திரட்டும் ராயல் பிரிட்டிஷ் லீஜியன் அமைப்பே, மலரின் சிவப்பு ரத்தத்தின் குறியீடு அல்ல என்றும், அணிவதற்குச் சரியான முறை, தவறான முறை என்று எதுவும் இல்லை என்றும் சொல்கிறது. முதல் உலகப் போரில் குண்டுகள் கிளறிப்போட்ட பெல்ஜியத்தின் பிளாண்டர்ஸ் பகுதி மண்ணில் பாப்பிச் செடிகள் மண்டிப் பூத்தன. அந்தப் பூவின் இயல்பான நிறமே சிவப்பு. நடுவிலுள்ள கறுப்புப் பொத்தானில் 1994 வரை 'ஹேக் நிதி' (முதல் உலகப் போரின் பிரிட்டிஷ் தளபதி ஹேக்கின் பெயரிலான நிதி) என்ற எழுத்துகள்தான் இருந்தன.

சரிபார்ப்பது எளிது. லீஜியனின் இணையதளத்தில் பாப்பி பற்றிய பக்கத்தைப் படியுங்கள். அதற்கும் நேரமில்லையென்றால், ஸ்காட்லாந்தில் விற்கும் பாப்பியின் படத்தைப் பாருங்கள்: நான்கு இதழ்கள், நடுவில் கறுப்பு வட்டம், இலையே கிடையாது. கனடா பாப்பியிலும் இலை இல்லை. இலையே இல்லாத மலர் எந்த மணியைக் காட்டும்?

இறந்தவர்களை நினைத்து ஒருவர் அணிந்திருக்கும் மலரை, இலை கோணலாக இருக்கிறது என்று யாரும் திருத்தப் போக வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.