ஆடுகளுக்கும் மருத்துவர் வேண்டும்
சோமாலிய மாணவர்களின் மேற்படிப்பு பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அவர்கள் மருத்துவம், கணினி, வணிக நிர்வாகம் என்றே போய்ச் சேர்கிறார்கள் என்ற கட்டுரையாளரின் கவலை எனக்கும் உண்டு. ஆனால் கால்நடை மருத்துவத்தை ஒரே வரியில் கடந்துவிட்டாரே! அந்நாட்டு ஏற்றுமதியின் முதுகெலும்பே ஆடும் ஒட்டகமும்தான். கால்நடைகளிடமிருந்து மனிதருக்கும் தொற்றும் ரிஃப்ட் பள்ளத்தாக்குக் காய்ச்சலுக்கு அஞ்சி, அந்தக் கால்நடைகளை இறக்குமதி செய்ய 2000-இல் சவூதி அரேபியா விதித்த தடை 2009-இல்தான் நீங்கியது. ஹஜ் காலத்து விற்பனையை நம்பியிருந்த மேய்ப்பர்கள் அதுவரை பட்ட பாடு கொஞ்சமல்ல. வடகரையிலுள்ள பெர்பெரா துறைமுகத்தில் கப்பலேறும் முன் ஆடுகளைத் தனியே அடைத்துவைத்து, கழுத்து ரத்தக்குழாயில் ரத்தம் எடுத்துச் சோதிக்கிறார்கள். அந்த ஊசியைப் பிடிக்கும் கை சோமாலியப் பிள்ளைகளுடையதாக இருக்க வேண்டும். 3,000 கிலோமீட்டருக்கு மேல் கடற்கரையும் இருக்கிறது. மீன்வளப் படிப்பைப் பள்ளியிலேயே எடுத்துச் சொல்லுங்கள். ‘டாக்டர்’ என்றால் மனிதருக்கு மட்டும்தான் என்று நினைக்கும் பெற்றோரிடமும் தயவுசெய்து பேசுங்கள்.