நாட்டுக்கிளிக்குக் கேஸ் வராதாம்

"நாட்டுக்கிளிதான்க்கா, கேஸெல்லாம் வராது. வெளிநாட்டுக் கிளிக்குத்தான் பேப்பர் கேப்பாங்க." பைபாஸ் ரோட்டில் ஒரு பறவைக் கடைக்காரர் இப்படிச் சொல்லித்தான் என் தங்கச்சி தலையில் கிளிக்குஞ்சைக் கட்டினார். 800 ரூபாய். பில் கிடையாது.

கேஸ் வராது என்று சொன்னது தலைகீழ்! கடைகளில் லவ் பேர்ட்ஸ் என்று விற்கும் பட்ஜி ஆஸ்திரேலியாவின் சின்னக் கிளி, அதை வளர்க்கத் தடையில்லை. நம்ம ஊர் பச்சைக்கிளியைத்தான் கூண்டில் வைக்கக் கூடாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது பாதுகாக்கப்பட்ட பறவை. 2023 ஏப்ரலில் இருந்து இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. பிடித்தாலும் குற்றம், விற்றாலும் குற்றம், வாங்கி வளர்த்தாலும் குற்றம். 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். அது முறையாக வந்த பறவைதான் என்று நிரூபிக்க வேண்டியதும் கூண்டு யார் வீட்டில் தொங்குகிறதோ அவர்கள்தான். விற்றவர் பில்லே தராதபோது என் தங்கச்சி எதைக் காட்டுவாள்?

சட்டத்தின் மேல் எனக்குக் கோபமே இல்லை. அந்தக் குஞ்சு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் யாருக்கும் இருக்காது. பட்டுப்போன தென்னை, பனைப் பொந்துகளில் கையை விட்டு, இறகு முளைக்காததை எல்லாம் அள்ளிக்கொண்டு வருகிறார்கள். பாதி வழியிலேயே செத்துப்போகும். பிழைத்ததன் இறக்கையை வெட்டி, கூண்டில் போட்டு விலை சொல்கிறார்கள். வயிறு எரிகிறது.

இதில் சொந்தக்காரர்கள் வேறு. மீனாட்சி கையிலேயே கிளி இருக்கு, வீட்டில் வைத்தால் ராசி என்று பெரியம்மா சொல்கிறார். கோயில் கிளிக்கூட்டு மண்டபத்தில் அந்தக் காலத்தில் வளர்க்கவில்லையா என்று சித்தப்பா கேட்கிறார். சரி, வளர்த்தார்கள். அதைச் சொல்லி இன்றைக்குப் பொந்தில் கை விடலாமா? அம்மன் கையில் இருக்கும் கிளிக்குக் கூண்டு இல்லையே, பெரியம்மா!

விஷயம் தெரிந்ததும் தங்கச்சி கிளியை வனத்துறையில் ஒப்படைத்துவிட்டாள். அவள் மகளுக்கு ஏழு வயது. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. "மிட்டு என்ன தப்பு செஞ்சுச்சு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அந்த அழுகைக்கு விற்றவர் பதில் சொல்லட்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை அந்தக் கடை வழியாக வந்தேன். முன்னால் லவ் பேர்ட்ஸ் கூண்டுகள். பின்னால் சாக்கு போட்டு மூடிய கூண்டில் குஞ்சுகள் கத்திக்கொண்டிருந்தன. ஒரு அம்மா பையனைக் கையில் பிடித்துக்கொண்டு விலை கேட்டுக்கொண்டிருந்தார். வண்டியை நிறுத்திவிட்டு, நேராக அவரிடம்தான் போனேன்.