எண்ணிக்கை மட்டும் போதாது

சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தைப் பற்றி நீங்கள் கட்டுரை எழுதியதற்கு நன்றி. அங்குள்ள கொள்ளுக்குடிப்பட்டி ஊர்க்காரர்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடியே போடுவதில்லை. அவர்களை எவ்வளவு பாராட்டினாலும் தகும். ஆனால் 'எண்ணிக்கை கூடினால் இனம் பிழைத்துவிடும்' என்று கட்டுரையை முடித்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் பூமா என்ற பெரிய காட்டுப்பூனைகள் முப்பதுக்கும் கீழே குறைந்து, நெருங்கிய உறவுக்குள்ளேயே இனப்பெருக்கம் நடந்தது. விளைவு, வால் நுனி வளைந்த குட்டிகள், இதயக் கோளாறு, ஆண்களிடம் விந்தணுக் குறைபாடு. வேலி போட்டுக் காவல் காத்து இதைச் சரிசெய்ய முடியாது. 1995-ல் டெக்சாஸிலிருந்து 8 பெண் பூமாக்களைக் கொண்டுவந்து விட்டார்கள். புது ரத்தம் கலந்த பிறகுதான் இனம் தேறியது. நம் கிர் சிங்கங்களும் ஒரு சிறு கூட்டத்திலிருந்து பெருகியவைதான். 2018-ல் நாய்களைத் தாக்கும் டிஸ்டெம்பர் வைரஸ் அவற்றிடையே பரவியபோது சில வாரங்களிலேயே இருபதுக்கும் மேல் செத்தன. அத்தனையையும் ஒரே வட்டாரத்தில் வைத்திருப்பது பெரிய ஆபத்து.

வேட்டங்குடிப் பறவைகளுக்குச் சிறகு இருக்கிறது, எங்கிருந்தோ பறந்து வந்து இனத்தோடு கலந்துவிடும். செட்டிநாட்டுக் கோயில் காடுகளில் இருக்கும் சின்ன உயிர்கள் என்ன செய்யும்? சுற்றிலும் தைல மரத் தோப்பு, பிளாட்டு, நான்கு வழிச்சாலை. ஒரு காட்டிலிருந்து அடுத்த காட்டுக்குப் போக மிச்சமிருப்பது கண்மாய்க் கரையும் வரத்துக்கால் ஓரமும்தான். தூர்வாரும்போது அங்கிருக்கிற புதரை மொத்தமாக வழித்துவிடாமல், ஒரு பக்கக் கரையையாவது விட்டுவைக்கச் சொல்லி ஊராட்சிகள் உத்தரவு போட வேண்டும்.